பழக்கமும் கொள்கையும்: சமயச்சார்பற்ற பெண்களின் தன்னோக்குப் பற்றிய சில சிந்தனைகள்

சமயச்சார்பற்ற நோக்கினைத் தமது வாழ்க்கை நெறியாக வரித்துக்கொண்ட பெண்கள், தம்முள் மரபின் பழக்கங்களும் விருப்பங்களும் இன்னும் செயற்பட்டுவருவதைத் தாமே கண்டுகொள்வது, நவீன இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் ஒரு பொருளாகும். கடவுள் நம்பிக்கை அற்றுப்போன பின்னரும் நல்ல நாள் பார்த்தே புதுமனை புகுதல், சமத்துவத்தைக் கொள்கையாக ஏற்றவள் வீட்டில் ஆண்கள் உண்டு எழும்வரை தன் பசியை ஒத்திவைத்தல், சாதியை மறுத்துப் பேசியவள் மகளுக்கு வரன் தேடும் வேளையில் 'எங்கடை ஆக்கள்' என்ற சொல்லைத் தன்னையறியாது உச்சரித்தல் ஆகியன எமது சமூகத்தில் அரிதாகக் காணப்படுவன அல்ல. இத்தகைய முரண்களை எமது இலக்கியத் திறனாய்வு எவ்வாறு எதிர்கொண்டு வந்துள்ளது என்பதும், எவ்வாறு எதிர்கொள்ளுதல் தகும் என்பதுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஆய்வுக்குள் நுழையுமுன் ஒரு வேறுபாட்டினைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நம்பிக்கை வேறு, பழக்கம் வேறு. நம்பிக்கையை வாதத்தினால் எதிர்கொள்ளலாம். அது தவறென நிறுவப்படின் சிந்திக்கும் ஒருவர் அதனைக் கைவிடக்கூடும். பழக்கமோ வாதம் தொடங்குவதற்கு முன்னரே உடலிற் படிந்துவிடுவது. குனிந்து பரிமாறும் கை, உரத்துச் சிரித்த மறுகணம் வாயை மூடும் விரல்கள், அடுப்படியில் 'துடக்கு' என்று பின்வாங்கும் கால் ஆகியவை எந்தக் கோட்பாட்டையும் கேட்டு உருவானவை அல்ல; குழந்தைப் பருவத்தின் நீண்ட பயிற்சியால் உருவானவை. ஆகவே, நம்பிக்கை அகன்ற பின்னரும் பழக்கம் எஞ்சி நிற்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எஞ்சி நிற்பதை என்ன செய்வது என்பதே வினா.

இத்தாலிய மார்க்சிய அறிஞர் அந்தோனியோ கிராம்சி (1891-1937) சிறையிலிருந்து எழுதிய குறிப்பேடுகளில் இவ்வினாவுக்குப் பயன்படத்தக்க ஒரு கருத்தினை முன்வைத்துள்ளார். மனிதரது அன்றாட அறிவு ஒருசீரானதன்று; கடந்தகாலத்தின் பல்வேறு உலகநோக்குகள் அதனுள் படிவுகளாகக் கிடக்கின்றன; வரலாறு எம்முள் எண்ணற்ற சுவடுகளை விட்டுச்சென்றுள்ளது, ஆனால் அவற்றின் பட்டியலை எமக்கு விட்டுச்செல்லவில்லை; அப்பட்டியலைத் தயாரித்தலே விமர்சன நோக்கின் தொடக்கம் என்பது அவரது கருத்தின் சாரம். சமயச்சார்பற்ற பெண் தன்னுள் மரபினைக் கண்டுகொள்ளும் செயலை இப்பட்டியலைத் தயாரிக்கும் செயலாகவே நாம் கொள்கின்றோம்.

1

எமது திறனாய்வுலகில் இம்முரண் பற்றி இரு அணுகுமுறைகள் நிலவி வந்துள்ளன. முதலாவது, இதனை 'நிலப்பிரபுத்துவ எச்சம்' என்று பெயரிட்டு அப்பால் நகர்வதாகும். பொருளாதார அடித்தளம் மாறும்போது இவ்வெச்சங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு இதன் பின்னால் உண்டு. ஏங்கெல்சின் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' (1884) என்னும் நூல் பெண்ணடிமைக்கும் சொத்துடைமைக்கும் உள்ள தொடர்பினை வரலாற்று அடிப்படையில் விளக்க முற்பட்டமை ஒரு பெரும் பங்களிப்பாகும். ஆயினும் அந்நூலினைத் துணைக்கொண்டோர் பலர், விளக்கத்தையே தீர்வாக எடுத்துக்கொண்டனர். ஒன்றின் தோற்றுவாயைக் கண்டறிதல் அதனை அகற்றுதலாகாது. மேலும், 'எச்சம்' என்ற சொல் ஒரு பழக்கத்தை இறந்துகொண்டிருக்கும் ஒன்றாகக் காட்டுகின்றது. அது இன்றும் யாருக்கோ பயன்படுவதாலேயே உயிரோடிருக்கின்றது என்ற உண்மை இதனால் மறைக்கப்படுகின்றது.

இரண்டாவது அணுகுமுறை முதலாவதற்கு நேரெதிரானது. பெண் தன் மரபார்ந்த விருப்பங்களைக் கண்டுகொள்ளும்போது அதனை 'வேர்களுக்குத் திரும்புதல்' என்று வரவேற்பது அது. பொட்டும் பூவும் கோலமும் விரதமும் ஒரே பையினுள் இடப்பட்டுப் 'பண்பாடு' என்று முத்திரை குத்தப்படுகின்றன. மேற்கத்தியக் கல்வி பறித்துக்கொண்டதை அவள் மீட்டெடுத்துக்கொண்டாள் என்று கூறப்படுகின்றது. கோலம் போடும் மகிழ்ச்சியும் கணவனின் ஆயுளுக்காகப் பட்டினி கிடக்கும் கடமையும் ஒரே தன்மையன அல்ல என்ற எளிய வேறுபாட்டைக்கூட இவ்வணுகுமுறை செய்வதில்லை.

இவ்விரு அணுகுமுறைகளுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. இரண்டுமே பெண்ணின் கண்டுகொள்ளலைப் பொருட்படுத்துவதில்லை. முதலாவது அவளைப் பின்தங்கியவளாகவும் இரண்டாவது அவளைத் திரும்பி வந்தவளாகவும் காண்கின்றன. தன்னையே ஆய்வுப்பொருளாக்கிக்கொண்ட ஒருத்தியாக அவளை இரண்டும் காணவில்லை.

2

இத்தகைய தன்னாய்வுக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரு சிறந்த சான்றுகள் உள்ளன. ஆங்கில நாவலாசிரியை வேர்ஜீனியா வுல்ஃப் (1882-1941) 1931 ஜனவரியில் இலண்டனில் தொழில்புரியும் பெண்கள் மத்தியில் ஆற்றிய உரை அவற்றுள் ஒன்று. சமய நம்பிக்கையற்ற அறிவாளர் குடும்பமொன்றிற் பிறந்து, தாமும் அந்நிலையிலேயே வாழ்ந்தவர் வுல்ஃப். ஆண் எழுத்தாளர் ஒருவரின் நூலுக்கு மதிப்புரை எழுத அமரும்போதெல்லாம் தமக்கும் தாளுக்கும் இடையே ஓர் உருவம் வந்து நின்றதாக அவர் கூறுகின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் கொவென்ற்றி பற்மோர் தம் கவிதையில் இலட்சிய மனைவியாகப் போற்றிய 'இல்லத்துத் தேவதை'யின் பெயரையே அவ்வுருவத்துக்கு அவர் சூட்டினார். இனிமையாயிரு, முகத்துதி செய், உனக்கென ஒரு மனம் உண்டென்பதை எவரும் அறியவிடாதே என்று அத்தேவதை அவருக்குப் போதித்தாள். அவளைக் கொன்றாலன்றித் தம்மால் எழுத முடியாதென உணர்ந்து அவளைக் கொன்றதாகவும், அவள் எளிதில் மடியவில்லை என்றும் வுல்ஃப் கூறினார்.

இவ்வுரையில் எமது கவனத்துக்குரிய அம்சங்கள் இரண்டு. அத்தேவதை வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர் அல்லள். எழுதுபவரின் சொந்தக் குரலில், சொந்த நாகரிக உணர்வாக, பிறர் மனத்தைப் புண்படுத்தலாகாது என்ற நல்லெண்ணமாகவே அவள் பேசினாள். அதனாலேயே அவளைக் கண்டுகொள்ளுதல் கடினமாயிற்று. அடுத்து, தம்மால் அவளை எதிர்க்க முடிந்தமைக்குத் தமக்குக் கிடைத்திருந்த முதுசொமே காரணம் என்பதை வுல்ஃப் மறைக்கவில்லை. ஆண்டுக்கு ஐந்நூறு பவுண் அளவான வருமானம் இருந்தமையால், பிழைப்புக்காக இனிமையை விற்கவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அகத்தின் போராட்டத்துக்கும் பொருளாதாரத்துக்குமுள்ள தொடர்பினை இதனிலும் நேர்மையாக எடுத்துரைத்தல் அரிது. பொருளாதாரச் சுதந்திரம் பழக்கத்தைத் தானாகக் கொல்லாது. கொல்வதற்கு வேண்டிய துணிவை அது தரும். அதே வுல்ஃப், தம் இல்லத்தில் நீண்டகாலம் பணிபுரிந்த சமையற்காரியோடு கொண்டிருந்த கசப்பான உறவு அவரது நாட்குறிப்புகளில் விரிவாகப் பதிவாகியுள்ளது. தேவதையைக் கொன்றவரிடத்தும் எசமானியின் பழக்கம் எஞ்சியிருந்தது. பட்டியல் ஒருபோதும் ஒரே அமர்வில் முடிவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது சான்று, 1917இல் சோவியத் அரசில் சமூகநல மக்கள் ஆணையாளராகப் பதவியேற்ற அலெக்சாந்திரா கொல்லொந்தாய் (1872-1952) ஆவார். புரட்சிக்கு முன்னரே 'புதிய பெண்' பற்றி எழுதிய கட்டுரையில், சமகால நாவல்களிற் காணப்படும் தனித்து வாழும் பெண்களை அவர் ஆராய்ந்தார். அப்பெண்களை வெற்றி வீராங்கனைகளாக அவர் வரையவில்லை. நூற்றாண்டுகள் ஊட்டிய பழைய பெண்ணும் உருவாகிவரும் புதிய பெண்ணும் ஒரே நெஞ்சினுள் போரிடுகின்றனர் என்பதே அவரது முடிபு. 1926இல் வெளிவந்த தன்வரலாற்றில் இம்முடிபினைத் தம்மீதே அவர் பிரயோகித்தார். காதலுக்குத் தம் வாழ்வில் மிகையான இடம் அளிக்கப்பட்டதென்றும், உழைப்புக்குரிய ஆற்றலின் பெரும்பகுதி அதில் விரயமாயிற்று என்றும், தம் தலைமுறைப் பெண்கள் இப்பழக்கத்தினின்று முற்றாக விடுபடவில்லை என்றும் அவர் எழுதினார். அரசமைக்கும் பணியில் ஈடுபட்ட ஒரு பெண், ஆணின் அங்கீகாரத்தை நாடும் பழைய மனத்தைத் தன்னுள் கண்டு அதனை ஓர் அரசியற் செய்தியாகப் பதிவுசெய்தமை குறிப்பிடத்தக்கது.

3

இனி எமது சூழலுக்கு வருவோம். மரபின் பழக்கங்கள் பெண்களிடத்தே ஆழமாகப் படிந்திருப்பதற்கு அவர்களது இயல்பு காரணமன்று. மரபினைப் பேணும் பொறுப்பு அவர்களிடம் வரலாற்று அடிப்படையில் ஒப்படைக்கப்பட்டமையே காரணம். இந்தியத் தேசியவாதம் பற்றி 1989இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையொன்றில் பார்த்தா சட்டர்ஜி இதனைத் தெளிவுறுத்தியுள்ளார். அந்நியரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய புறவுலகு ஆணுக்கும், அந்நியர் தீண்டாது காக்கப்படவேண்டிய அகவுலகாகிய வீடு பெண்ணுக்கும் பங்கிடப்பட்டன என்பது அவரது வாதம். ஆண் காற்சட்டை அணிந்து கந்தோருக்குச் சென்றபோது, சேலையும் விரதமும் சமையலறையின் ஆசாரமும் பெண்ணின் பொறுப்பாயின.

இலங்கைத் தமிழரிடையே இதன் வடிவம் மேலும் துலக்கமானது. 1824இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். மிசனரிமாரின் சமயமாற்றப் பணிக்கு எதிராக ஆறுமுக நாவலர் (1822-1879) தொடக்கிய சைவ மறுமலர்ச்சி, கல்வியைச் சைவச் சூழலில் வழங்கும் தேவையை வலியுறுத்தியது. இவ்வழியிலேயே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். அதே இராமநாதன், டொனமூர் ஆணைக்குழுவின் காலத்திற் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார் என்பதை மறந்துவிடலாகாது. இவ்விரண்டும் அவரளவில் முரண்பட்டன அல்ல. சைவ இல்லத்தை நடத்தும் தகுதியைப் பெண்ணுக்கு அளிப்பதே அக்கல்வியின் நோக்கம். இல்லத்தைவிட்டு வெளியேறும் தகுதி அந்நோக்கினுள் அடங்கவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. 1945இலிருந்து இலவசக் கல்வி பல்கலைக்கழக வாயிலைச் சாதாரண குடும்பத்துப் பெண்களுக்கும் திறந்துவிட்டது. இவ்வாயிலினூடு வந்த பெண்களே எமது சமயச்சார்பற்ற, முற்போக்குச் சிந்தனையின் முதற் பெண் வாரிசுகள். அவர்கள் பெற்ற கல்வியினுள்ளேயே இல்லத்தின் காவலாளி என்ற பாத்திரமும் மடித்துவைக்கப்பட்டிருந்தது.

எமது முற்போக்குப் புனைகதை இதனை எவ்வாறு கையாண்டது? பாரதியின் 'புதுமைப் பெண்' எமது எழுத்தாளர் பலருக்கு ஆதர்சமாயிற்று. அதன் பயனாக, தெளிந்த நோக்கும் தளராத உறுதியும் கொண்ட கதாநாயகியர் பலர் படைக்கப்பட்டனர். சீதனத்தை எதிர்த்துக் கலியாணத்தை உதறி எழுவர்; சாதி கடந்து மணம் செய்வர். இவ்வெழுத்துக்களின் சமூகப் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால், அக்கதாநாயகியருக்குக் கடந்தகாலம் இருப்பதில்லை. தாயிடமிருந்து அவர்கள் கற்றவை எங்கே போயின என்று கதை கேட்பதில்லை. முரண்கள் யாவும் அவர்களுக்கு வெளியே, தந்தையிடமும் மாமியாரிடமும் தரகரிடமும் வைக்கப்பட்டன. இதனால், தன்னுள் முரணைக் கண்ட உண்மைப் பெண்ணொருத்தி இக்கதைகளைப் படித்தபோது, தான் போதிய அளவு முற்போக்கானவள் அல்லள் என்ற கூச்சத்தையே பெற்றிருப்பாள். இலக்கியம் அவளுக்கு ஓர் அளவுகோலைத் தந்தது, கண்ணாடியைத் தரவில்லை.

4

இக்குறையை ஈடுசெய்தவர்களுள் அம்பை முதன்மையானவர். எழுபதுகளில் வெளிவந்த 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்னும் சிறுகதை பலராலும் பேசப்பட்டது. பருவமடையும் சிறுமி, சுற்றியிருப்போர் கூறும் அச்சமூட்டும் வார்த்தைகளினிடையே, எல்லாவற்றையும் அழகாக்கித் தரவல்ல தாயின் வரவுக்காகக் காத்திருக்கின்றாள். உறவுப் பெண்ணொருத்தி கருநிறம் காரணமாக வரனால் மறுக்கப்பட்ட செய்தியோடு திரும்பும் தாய், மகளின் பருவமெய்தலை ஒரு சுமையாகவே எதிர்கொள்கின்றாள். இத்தாய் கொடியவள் அல்லள் என்பதிலேயே கதையின் வலிமை தங்கியுள்ளது. அன்பு மிக்க ஒருத்தியின் வாயினூடாகக் கலியாணச் சந்தையின் குரல் பேசிவிடுகின்றது. பேசியவள் தாய், பேசியது அவளிலும் மூத்த ஒன்று. மரபு தன் தூதுவர்களை அன்புடையோரிடையே தேர்ந்தெடுப்பதை இக்கதை எவ்வித உரத்த கூற்றுமின்றி உணர்த்துகின்றது.

1988இல் வெளிவந்த 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்னும் கதை இவ்வாய்வினை மேலும் முன்னெடுக்கின்றது. வட இந்தியக் கூட்டுக் குடும்பமொன்றுக்கு மருமகளாக வரும் தென்னிந்தியப் பெண் மீனாட்சி, பெரிய வீட்டின் மூலையில் ஒடுங்கிய, வசதியற்ற சமையலறையைக் காண்கின்றாள். அதன் சன்னலுக்கு அப்பால் மலைகள் தெரிகின்றன. துணி உலர்த்தும் கொடிகள் அம்மலைகளை மறைக்கின்றன. ஆயினும் அச்சமையலறையின் அதிகாரத்துக்காகவே பெண்கள் தமக்குள் போட்டியிடுகின்றனர். சாவிக்கொத்தும் நகையும் பூரி பொரிக்கும் உரிமையும் அவர்களது வலிமையின் குறியீடுகளாகின்றன. மாமியாராகிய ஜீஜியின் நோய்ப்படுக்கையருகே இருளில் மீனாட்சி பேசும் பேச்சு, வலிமை இவற்றிலிருந்து பிறக்கவில்லை என்று அவளுக்கு உணர்த்த முயல்கின்றது.

இக்கதையைப் பழமைக்கும் புதுமைக்குமான மோதலாக வாசித்தல் எளிது. ஆனால் அவ்வாசிப்பு போதாதென்பது எமது கருத்து. மீனாட்சி மேடையில் நின்று பேசவில்லை. மாமியாரின் காதருகே பேசுகின்றாள். சமையலறை அதிகாரம் பொய்யானது என்று அவள் கூறலாம். ஆனால் வேறெந்த அதிகாரமும் அளிக்கப்படாதவளுக்கு அது பொய்யாக இருந்ததில்லை. இங்கு நாம் ஒரு முக்கிய உண்மையை அடைகின்றோம். பெண்களின் பழைமைப் பழக்கங்களுட் பல, வலிமையற்ற நிலையில் அவர்கள் ஈட்டிக்கொண்ட சிறிய வலிமைகள் ஆகும். கல்வியும் தொழிலும் பெற்ற சமயச்சார்பற்ற பெண், தன் சமையலறையில் வேறெவரும் கைவைப்பதை விரும்பாத தன் மனத்தைக் கண்டுகொள்ளும்போது, தாயும் பாட்டியும் காத்த அச்சிறு ஆட்சிப்பரப்பினையே கண்டுகொள்கின்றாள்.

ஈழத்தில், யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' என்னும் கவிதைத் தொகுதி இவ்வகையில் ஒரு திருப்பமாகும். சித்ரலேகா மௌனகுருவின் முன்னுரையோடு வெளிவந்த அத்தொகுதியிற் பெண்கள் தன்மையிடத்து நின்று தம் அனுபவத்தைப் பேசினர். இலட்சியக் கதாநாயகி என்ற ஆயத்தப் படிமத்தின் துணையின்றிப் பேசமுடியும் என்பதை அது நிறுவியது. தன்னைப் பற்றிப் பெண் கூறும் செய்தி அந்தரங்கக் குமுறல் மட்டுமன்று, சமூகம் பற்றிய அறிவும் ஆகும் என்று எமது திறனாய்வு ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதும் இதன் பின்னரே எனலாம்.

5

பழக்கங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல என்று மேலே கூறினோம். எமது சமூகத்துக்குரிய மூன்று எடுத்துக்காட்டுகளால் இதனை விளக்குவோம்.

முதலாவது சீதனம். சீதனத்தைக் கொள்கையளவில் எதிர்க்கும் கற்ற பெண்கள் பலர், தம் பெயரில் ஒரு வீடும் காணியும் எழுதப்படுதலை விரும்புகின்றனர். தம் மகளுக்கும் அவ்வாறே எழுத விரும்புகின்றனர். இதனை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்குவது வரலாற்றறியாமையாகும். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி சீதனம் பெண்ணின் சொத்து. தாய்வழியாக மகளிடம் செல்வது. மகளுக்குரிய முதுசொமாகவே அது விளங்கியது. ஆனால் அச்சட்ட மரபு, மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் சம்மதமின்றிக் கைமாற்றுவதைத் தடுத்தது. யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசொம் பற்றிய 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் எழுத்துமூல சம்மதத்தை வேண்டிநின்றது. உடைமை அவளது, ஆளுகை அவனது என்பதே இதன் பொருள். எனவே சீதன வீட்டின்மீது அவள் கொண்டுள்ள விருப்பத்தினுள் இரு இழைகள் பின்னிக் கிடக்கின்றன. சொந்தக் கூரை வேண்டும் என்ற நியாயமான வேட்கை ஒன்று. கலியாணத்தின் விலையாகவே அக்கூரையைப் பெறுதல் என்ற அடிமைநிலை மற்றொன்று. தன்னோக்குடைய பெண் இவ்விழைகளைப் பிரித்தறிவாள். சொத்துரிமைக்காகப் போராடும் இயக்கத்துக்கு அப்பிரித்தறிவே அடிப்படையாதல் வேண்டும்.

இரண்டாவது சாமத்தியச் சடங்கு. பூப்பினைத் தீட்டாகக் கொள்ளும் நம்பிக்கையை விட்ட தாய்மாருங்கூட, மகளை நீராட்டிச் சேலை உடுத்திப் படம்பிடிக்கும் விழாவை விடுவதில்லை. அவர்களிடம் கேட்பின், உறவினர் கூடுவதும் பெண்பிள்ளையைக் கொண்டாடுவதும் நல்லவைதாமே என்பர். இக்கூற்றை நாம் எள்ளி நகையாடவில்லை. பெண் உடலைக் குறித்து மகிழ்ச்சியோடு கூடும் சந்தர்ப்பங்கள் எமது சமூகத்திற் குறைவு என்பது உண்மையே. ஆனால், அம்மகிழ்ச்சியின் பார்வையாளர் யாவர், மணச்சந்தைக்கு ஒருத்தி தயாராகிவிட்டாள் என்ற அறிவிப்பு அதனுள் இன்னும் உள்ளதா, அச்சிறுமியின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பன கேட்கப்படவேண்டிய வினாக்கள். 'கொண்டாட்டம்' என்று பெயர் மாற்றப்பட்டதனால் மட்டும் சடங்கின் தொழில் மாறிவிடாது.

மூன்றாவது சமையலறையின் துப்புரவு. இதுவே மிகக் கடினமானது, ஏனெனில் இது மிக நல்லதாகத் தோன்றுவது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடினர். அப்போராட்டத்தை ஆதரித்த முற்போக்காளர் பலர். கோயிலின் வாயில் தெருவிலிருப்பது. அதற்கு எதிராக ஊர்வலம் செல்லலாம். சமையலறையின் வாயிலோ வீட்டின் உட்புறத்தில் இருப்பது. கே. டானியல் 'பஞ்சமர்' (1972) முதலாய நாவல்களிற் கிணற்றையும் மூக்குப்பேணியையும் சிரட்டையையும் சாதியின் கருவிகளாகக் காட்டினார். அக்கருவிகளை வீட்டினுள் நாளாந்தம் கையாள விதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் உயர்சாதிப் பெண்களே. எந்தப் பாத்திரம் எவருக்கு என்ற அறிவு மகளுக்குத் தாயால் 'துப்புரவு' என்ற பெயரிற் கற்பிக்கப்பட்டது. சாதியை நம்பாத பெண், விருந்தினர் சென்றபின் ஒரு கோப்பையை மட்டும் இருமுறை கழுவும் தன் கையைக் கண்டு திடுக்கிடுவாளாயின், அத்திடுக்கிடலின் பெறுமதி மேடைப் பேச்சுக்கள் பலவற்றிலும் மேலானது. இங்கு சமரசத்துக்கு இடமில்லை. இப்பழக்கத்தின் விலையை அவள் கொடுக்கவில்லை. வேறொருவர் தம் மானத்தாற் கொடுக்கின்றார்.

இம்மூன்று எடுத்துக்காட்டுகளிலிருந்தும் ஓர் அளவைக் கருவி கிடைக்கின்றது. ஒரு பழக்கம் மரபிலிருந்து வந்தது என்பதே அதனை நிராகரிக்கவோ ஏற்கவோ போதிய காரணமாகாது. அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்று கேட்டல் வேண்டும். மல்லிகைப் பூவின் வாசனையில் மகிழ்பவள் எவருக்கும் தீங்கிழைப்பதில்லை. ஆயினும் விதவைக்கு அப்பூவை மறுக்கும் கண்ணும் அவளிடம் உள்ளதா என்று அவள் பார்க்கவேண்டியுள்ளது. இறுதியில் உண்பவள் தன் உடல்நலத்தை விலையாகக் கொடுக்கின்றாள். அதனைப் பார்த்து வளரும் மகளும் அவ்விலைக்கு ஈடுவைக்கப்படுகின்றாள். கோப்பையை வேறுபடுத்துபவள் பிறருடைய மானத்தைச் செலவிடுகின்றாள். விருப்பம், தன்னிழப்பு, பிறர்க்கிழைக்கும் தீங்கு என்னும் இம்மூன்றையும் வேறுபடுத்தாத விமர்சனம், கோலத்தையும் தீண்டாமையையும் ஒரே தராசில் நிறுக்கும் பிழைக்கு ஆளாகும்.

6

இத்தன்னோக்கு இலக்கியத்துக்கு உரிய இடர்களையும் சுட்டுதல் கடமையாகும். தன் முரண்களைக் கூறுதல் ஓர் அணிகலனாகிவிடலாம். 'என்னுள்ளும் ஒரு பாட்டி இருக்கின்றாள்' என்று நயம்படக் கூறி, அப்பாட்டியை அங்கேயே வசதியாக இருத்திவிடும் எழுத்துக்கள் தமிழில் இல்லாமலில்லை. கண்டுகொள்ளல் மாற்றத்துக்கு முந்திய நிலை, மாற்றத்துக்குப் பதிலானதன்று. மறுபுறத்தில், ஒவ்வொரு விருப்பத்தையும் குற்றமாக விசாரித்துத் தன்னையே வதைத்தலும் ஒருவகைத் துறவொழுக்கமே. சமயத்தைக் கைவிட்ட பெண், நோன்பின் மனநிலையை மட்டும் கொள்கைக்கு இடமாற்றிக்கொள்வதாக அது முடியும்.

இதனிலும் பாரதூரமான வினா ஒன்று உண்டு. இத்தன்னாய்வினைப் பெண்களே ஏன் செய்யவேண்டியுள்ளது? சமயச்சார்பற்ற ஆண்கள் தம்முள் எஞ்சியிருக்கும் மரபினைக் கண்டுகொண்டதாக எழுதிய எழுத்துக்கள் எம்மிடம் எத்தனை உள? கூட்டங்களிற் சமத்துவம் பேசப்படும் வேளையில் உள்ளறையிலிருந்து தேநீர் வருகின்றது. அதனைத் தயாரித்தவர் விவாதத்தில் இல்லை என்பது குறிப்பேட்டிற் பதியப்படுவதில்லை. 1920இல் கிளாரா செற்கினுடன் உரையாடியபோது, பொதுவுடைமை ஆண்களின் மனத்தில் எசமானனின் பழைய நோக்கு உயிரோடிருப்பதை லெனின் கடிந்துரைத்தார். அக்கடிந்துரையை எமது முற்போக்கு இலக்கியம் போதிய அளவு செவிமடுத்ததாகக் கூறமுடியாது. பெண்ணின் விரதம் 'எச்சம்' என்று பெயர்பெற்றது. அவ்விரதத்தின் பயனாளியான கணவனின் சௌகரியத்துக்குப் பெயரே இடப்படவில்லை. ஆணின் பழைமை அவனுக்கு இயல்பாகவும் பெண்ணின் பழைமை அவளுக்குக் குறையாகவும் தோன்றுமாறு செய்த அளவுகோல் எவருடையது என்பதையும் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும்.

தமிழ்நாட்டிற் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பளித்த 1967ஆம் ஆண்டின் திருத்தம் இங்கு நினைவுகூரத்தக்கது. மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றே போதுமென்று அத்திருத்தம் வகுத்தது. புரோகிதர் இன்றியமையாதவர் அல்லர் என்றாயிற்று. தாலியும் கட்டாயமன்று என்றாயிற்று. சட்டம் அளித்த அவ்வெளியிற் புரோகிதரை விலக்கித் தாலியை மட்டும் வைத்துக்கொண்டோர் பலர். சட்டம் கதவைத் திறக்கலாம். கதவைக் கடப்பதற்குப் பழக்கம் பற்றிய அறிவு வேண்டும். அவ்வறிவினைத் தரவல்ல துறைகளுள் இலக்கியம் முக்கியமானது.

எனவே எமது திறனாய்வு தன் வினாக்களை மாற்றிக்கொள்ளல் அவசியமாகின்றது. ஒரு பெண்பாத்திரம் எந்த அளவு முற்போக்கானது என்று அளப்பதை விடுத்து, அது தன்னுள் எதனைக் காண்கின்றது, கண்டதன் விலையை எவர் கொடுக்கின்றார் எனக் காண்கின்றது, கண்டபின் என்ன செய்கின்றது என்று வினாவுதல் வேண்டும். அதே வினாக்களை ஆண்பாத்திரத்திடமும் அதனைப் படைத்தவரிடமும் எழுப்புதல் வேண்டும். வரலாறு எம்முள் விட்டுச்சென்ற சுவடுகளின் பட்டியலைத் தயாரிக்கும் வேலையைச் சில பெண்கள் தனித்தனியே தொடங்கிவிட்டனர். அது ஒரு சமூகத்தின் கூட்டுப் பணி என்பதை உணர்ந்து அதில் இணைந்துகொள்வதே முற்போக்கு இலக்கியத்தின் முன்னுள்ள கடமையாகும்.